கருவாட்டுப் பந்தலில் காய்ந்த தொழுகை மெத்தைகள்

எங்கள் வீட்டு முன்சுவரில், கதவுக்கு வெளியே, ஒரு ஆணி அடித்திருக்கிறது. அது என் சட்டைக்கு. வேலை முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றி அதில் மாட்டி, கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். ஊரில் மற்ற ஆண்களை மனைவி வாசலில் நின்று வரவேற்பாள். என்னை வரவேற்பது ஆணி.

என் மனைவிக்கு முட்டு. நெஞ்சு இழுக்கும் வருத்தம். மண் தூசிக்கு வராது. அடுப்புப் புகைக்குக் கொஞ்சம் வரும். பசை, பெயின்ட், தின்னர் இந்த மூன்றுக்கும் வந்தால், பம்பை எடுத்து வாயில் அடிக்கும்வரை விடாது. நானோ ஆட்டோ சீட்டும் வான் சீட்டும் தைக்கிறவன். என் தொழிலே ஸ்பஞ்ச், ரெக்சின், பசை. கல்யாணம் பேசும்போது நான் கடல் தொழிலாளி என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். அதில் பொய் இல்லை. கடலுக்குப் போனேன். ஆனால் போட்டில் ஏறினால் எனக்கு வாந்தி. மீன்காரன் மகனுக்கு வரக்கூடாத வியாதி அது. கடைசியில் கரையேறி, உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு தொழிலைத் தேடினேன். மற்றவர்கள் உட்கார்வதற்கான தொழில் கிடைத்தது.

பள்ளிக்கூடம் எனக்குச் சரிவரவில்லை. மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், நானும் அவரைப் பார்த்து ஒன்று விட்டேன், அதோடு பிரிந்தோம். அதனால் பசை டின்னில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டின்னின் பக்கத்தில் முகமூடி போட்ட ஒரு மனிதனின் படம் இருக்கும். அவன் அந்தக் கம்பெனி முதலாளி என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். படத்துக்கு நிற்கும்போதாவது அந்த மூடியைக் கழற்றியிருக்கலாமே என்றும் நினைத்திருக்கிறேன்.

போன வருஷம் நோன்புக்கு முன் பள்ளிவாசலில் பெண்கள் தொழும் அறைக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். முதல் நாள் இரவு தராவீஹ் தொழுகைக்குப் போன என் மனைவிக்கு, நின்ற இடத்திலேயே இழுக்கத் தொடங்கியது. இரண்டு பெண்கள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க அவள் அலுமாரிக்குப் பக்கத்தில் தனியாகப் பாய் விரித்துத் தொழுதாள். அவளுக்கு நோன்பு என்றால் அந்த அறைதான். வருஷத்தில் ஒருமுறை ஊர்ப் பெண்கள் எல்லாரும் தோளோடு தோள் நிற்கிற இடம். வீட்டில் தொழுதால் நன்மை கிடைக்கும், கதை கிடைக்காது என்று ஒருநாள் சொன்னாள். பெருநாள் வரைக்கும் அலுமாரியோடு என்ன கதைத்தாளோ தெரியாது.

இந்த வருஷம் அந்தப் பெயின்ட் மணம் போய்விட்டது. அவள் இரண்டு மாதத்துக்கு முன்பே அபாயாவைக் கழுவி மடித்து வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பெண்கள் அறையின் சீமெந்துத் தரையைப் பற்றிப் பேச்சு வந்தது. பன்பாய் மெல்லியது, வயதான பெண்களுக்கு முழங்கால் நோகிறது என்று பள்ளித் தலைவர் சொன்னார். கூட்டத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே எழும்பி, சஃப் வரிசை நீளத்துக்கு மெத்தை தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். என் வாழ்க்கையில் பள்ளிக்குள் எழும்பி நின்று பேசியது அன்றுதான். எல்லாரும் திரும்பிப் பார்த்ததும் கொஞ்சம் வீங்கிப்போனேன்.

வேலை நன்றாகத்தான் வந்தது. அடியில் ரெக்சின், நடுவில் ஸ்பஞ்ச், மேலே பச்சை வெல்வெட். ஸ்பஞ்ச் வழுக்காமல் இருக்க உள்ளே முழுக்கப் பசை பூசினேன். பள்ளிக்குச் செய்கிற வேலை என்பதால் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. ஆட்டோ சீட்டுக்குப் பூசுவதை விட இரண்டு மடங்கு பூசினேன். எல்லாவற்றையும் கடையில் அடுக்கி வைத்துவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவள் கடைக்குள் வரவில்லை. தெருவில் நின்றாள். முந்தானையை மூக்கில் வைத்தாள்.

“இதுலயா நெத்தியும் மூக்கும் வெக்கச் சொல்றீங்க?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இவ்வளவு காலம் தைத்தது எல்லாம் சீட். சீட்டில் படுகிற பாகத்துக்கு மூக்கு இல்லை. அதனால் ஒருத்தரும் முறைப்பாடு சொன்னதில்லை. தொழுகை மெத்தை அப்படியல்ல. சுஜூதில் நெற்றியோடு மூக்கும் படவேண்டும், பட்டு அங்கேயே நிற்கவேண்டும். மூச்சு எடுக்காமல் சுஜூது செய்யச் சொல்லி எந்த மௌலவியும் சொன்னதில்லை.

அவள் சண்டை பிடித்திருந்தால் நான் ஒரு பகிடி சொல்லித் தப்பியிருப்பேன். அவள் பிடிக்கவில்லை. “பரவாயில்ல, நான் இந்த வருஷமும் வீட்டுல தொழுறன்” என்றாள். வீட்டுக்கு வந்து அபாயாவைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தாள். அந்தக் கதவு சாத்துகிற சத்தம் எனக்குக் குசினி வரைக்கும் கேட்டது.

பள்ளித் தலைவரிடம் போய் மெத்தை மணக்கிறது என்றேன். அவர் வந்து குனிந்து ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு, புதுச் சாமான் என்றால் மணக்கத்தான் வேண்டும், மணக்காவிட்டால் பழசு என்று சனம் சொல்லும் என்றார். அவருடைய வான் சீட்டில் இன்னும் கம்பெனி பொலித்தீன் கழற்றாமல் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் பேசிப் பலனில்லை.

நோன்பு வருவதற்குள் மணத்தை எடுக்கவேண்டும். என்னிடம் மூக்கு இல்லை. அதாவது முகத்தில் இருக்கிறது, அலங்காரத்துக்கு. இத்தனை வருஷப் பசையில் அது செத்துப்போய்விட்டது. ஆகவே மணம் போனதா இல்லையா என்று பார்க்க மனைவியின் நெஞ்சைத்தான் கேட்கவேண்டும். அதுவும் ஒவ்வொரு தடவையும் கேட்க முடியாது. கேட்டால் பம்ப் முடிந்துவிடும்.

முதலில் சாம்பிராணி போட்டேன். கடையின் பலகைகளை அடைத்துவிட்டு, உள்ளே நாலு சட்டியில் தணல் வைத்து, புகை பலகை இடுக்கால் வரும்வரை போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் சாவு வீடு என்று நினைத்து ஓடிவந்து யார் மவுத்து என்று கேட்டார். திறந்ததும், பசைக் கம்பெனிக்குள் சாம்பிராணி போட்டு மௌலூது ஓதினது மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு மணமும் ஒன்றையொன்று விடவில்லை, கட்டிப் பிடித்துக்கொண்டு வெல்வெட்டில் குடியேறிவிட்டன. மனைவி கடை வாசல் வரைக்கும் வந்து, இருமி, திரும்பிப் போனாள்.

பிறகு உப்பு. பாலாவி உப்பு வயலில் வேலை செய்கிற சொந்தக்காரர் ஒருவர் மூட்டையாகத் தந்தார். என் யோசனை இது: மீனின் நாற்றத்தை உப்பு எடுக்கிறது, ஸ்பஞ்சின் நாற்றத்தை எடுக்காதா? மெத்தைகளை முற்றத்தில் போட்டு மேலே உப்பைத் தூவி விட்டேன். விடிந்து பார்த்தால் பனியை எல்லாம் உப்பு குடித்து, உப்பை எல்லாம் ஸ்பஞ்ச் குடித்து, ஒரு மெத்தையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அழுத்தினால் தண்ணீர் வந்தது. அந்த மெத்தையில் சுஜூது செய்தால் எழும்பும்போது நெற்றியில் உப்பு விளைந்திருக்கும். கிணற்றுத் தண்ணீர் அள்ளி அள்ளிக் கழுவினேன். உப்பு போனது. உள்ளே மனைவி இருமினாள். பசை மணம் முற்றத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஈர மெத்தைகளை எங்கே காயவைப்பது என்று தெரியாமல்தான் ஆலங்குடாவில் இருக்கிற கூட்டாளியிடம் போனேன். கத்தோலிக்கன். நான் கடலுக்குப் போன காலத்தில் ஒரே போட்டில் போனவர்கள். இப்போது அவனுக்குச் சொந்தமாக மீன் வாடியும் கரையில் கருவாடு காயவைக்கிற பந்தல்களும் இருக்கின்றன. கம்பு நட்டு, மேலே பழைய வலை விரித்த பந்தல். மேலும் கீழும் காற்று போகும்.

நான் கதையைச் சொல்லி முடிக்குமட்டும் அவன் சிரித்தான். பிறகு சொன்னான்: “மணம் போகோணும் எண்டா காத்து வேணும். இந்தக் கரையில என்ட பந்தலுக்கு அடிக்கிற காத்து வேற எங்கயும் அடிக்காது. கொண்டா. நீ கடல்ல எடுத்த வாந்தியில எத்தின மீன் கொழுத்துச்சு, அதுக்கு நன்றி எண்டு வை.”

அந்தக் கிழமையே எனக்கு நோன்பு பிடிக்கிறது, அவனுக்குத் தவக்காலம் தொடங்குகிறது. தானும் இறைச்சி தொடாமல் இருக்கப் போவதால் இப்போதே மனம் இளகியிருக்கிறது, இதைவிட நல்ல நேரத்தில் நான் வந்திருக்க முடியாது என்றான். பந்தலில் பாதிக்குக் கருவாட்டை ஒதுக்கினான். மற்றப் பாதியில் வெல்வெட் மேலே தெரிய மெத்தைகளை விரித்தோம். ஒரு பக்கம் கட்டாக் கருவாடு, ஒரு பக்கம் பச்சை மெத்தை. பார்க்க ஏதோ கல்யாணத்துக்குப் பந்தி போட்ட மாதிரி இருந்தது.

அது காற்றுக் காலம். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ஹோட்டலுக்குப் போகும் வழி அந்தப் பந்தலை ஒட்டித்தான். அங்கேதான் எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது என்று நினைத்தேன். எனக்கு மூக்கு இல்லை. மனைவியை ஒவ்வொரு நாளும் கூட்டிவர முடியாது. இந்த வெள்ளைக்காரர்களின் மூக்கு நல்ல மூக்கு, பசையில் வேலை செய்யாத மூக்கு. அவர்கள் பந்தலைத் தாண்டும்போது பார்த்தேன். ஒரு பெண் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் வந்தவனும் பிடித்தான்.

சரி, பசை மணம் இன்னும் போகவில்லை என்று முடிவெடுத்தேன். மெத்தைகளைத் திருப்பிப் போட்டேன்.

அடுத்த நாளும் பிடித்தார்கள். அதற்கடுத்த நாளும் பிடித்தார்கள். எவ்வளவு கெட்ட பசை என்று எனக்கே வெறுத்துவிட்டது. கூட்டாளியும் தாடையைச் சொறிந்துகொண்டு, இந்தப் பசை லேசில் விடாது போல என்றான். எங்கள் இருவருக்கும் நடுவில் கட்டாக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அது மணக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அந்தக் கரையில் பிறந்தவனுக்குக் கருவாடு மணப்பதில்லை. அது காற்று.

பிறை பார்க்கும் நாள் நெருங்கியதும் வேறு வழியில்லாமல் மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஒரு கையில் பம்ப் வைத்திருந்தாள். பந்தலுக்குக் கிட்டே போனாள். நின்றாள். இன்னும் கிட்டே போனாள். பிறகு குனிந்து ஒரு மெத்தையில் நெற்றியையும் மூக்கையும் வைத்தாள். நானும் கூட்டாளியும் மூச்சுவிடாமல் நின்றோம். அவள் விட்டாள், இழுத்தாள், விட்டாள். நெஞ்சில் சத்தமில்லை.

“ஒரு மணமும் இல்ல,” என்றாள். பம்பைப் பைக்குள் போட்டாள்.

அவளும் அந்தக் கரைக்காரிதான். அவளுடைய உம்மா கருவாடு காயவைத்த காசில்தான் அவளுக்குக் காது குத்தினார்.

மெத்தைகளைப் பள்ளியில் விரித்தோம். பள்ளித் தலைவர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். புது மணம் இல்லையே, பழைய துணியில் தைத்தாயா என்று கேட்டார். முதல் இரவு இஷாத் தொழுகை முடிந்து தராவீஹ் தொடங்கியது. பெண்கள் அறைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான். கொஞ்சம் தொழுததும் அந்தப் பக்கம் யாரோ எழும்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள்தான் என்று நினைத்தேன். முடிந்து வெளியே வந்து பார்த்தால் என் மனைவி வாசலில் நாலு பெண்களோடு கதைத்துக்கொண்டு நிற்கிறாள். போனது அவள் இல்லை. மௌலவியின் மனைவி.

மௌலவி கடல் இல்லாத கண்டிப் பக்கத்தவர். இங்கே வந்து கொஞ்ச நாள்தான். அவர் தயங்கித் தயங்கித் தலைவரிடம் சொன்னார்: தன் மனைவிக்குச் சுஜூதில் குமட்டுகிறது, மெத்தை எல்லாம் மீன் மணக்கிறது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் மெத்தையைப் பார்த்தேன். அங்கே நின்ற ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு தடவை குனிந்து முகர்ந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மௌலவி மட்டும் பின்னால் ஒரு அடி நகர்ந்தார்.

வெள்ளைக்காரர்கள் எதற்கு மூக்கைப் பிடித்தார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் பார்த்துப் பார்த்து, திருப்பித் திருப்பி, மெத்தையை நன்றாகக் கருவாட்டில் ஊறவைத்திருக்கிறேன்.

தலைவர் உடனே தீர்வு சொன்னார். கொழும்பில் ஒரு முதலாளி பள்ளிக்குப் புதுக் கம்பளம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நாளைக்கே லொறியில் எடுப்பித்து மெத்தைகளைக் கழற்றிவிடலாம் என்றார். புத்தம் புதுசு, ரோலாக, பொலித்தீனோடு வரும் என்றபோது அவருடைய முகமே மலர்ந்தது. என் மனைவி வாசலில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் ஒரு வாளியில் நோன்புக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு மௌலவியின் வீட்டுக்குப் போனாள். நான் கூடப் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வேலிக்கு வெளியே நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. அவள் முதலில் போன வருஷத்துப் பெயின்ட் கதையைச் சொன்னாள், அலுமாரிக் கதையைச் சொன்னாள். புருஷனின் சாம்பிராணிக் கதையையும் உப்புக் கதையையும் நான் சொல்வதை விட நன்றாகவே சொன்னாள். மௌலவியின் இளம் மனைவி சிரிப்பது கேட்டது. பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

“தங்கச்சி, ஒங்களுக்குக் குமட்டுதுண்டா அது பெரிய கஷ்டந்தான். நான் இல்லண்டு சொல்லல்ல. புதுக் கம்பளம் வந்தா நான் அந்த அறைக்குள்ள கால் வெக்கேலாது. அதான் ஒங்கக்கிட்ட வந்த.”

மௌலவியின் மனைவி கேட்டாள்:

“ராத்தா, உண்மையாவே ஒங்களுக்கு அந்த மணம் வெளங்கல்லயா?”

“என்ன மணம்?” என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வேலியில் நின்ற ஆடு திரும்பிப் பார்த்தது. மௌலவியின் மனைவி தன் வீட்டிலிருந்து ஒரு தடித்த பருத்தி முசல்லா விரிப்பைக் கொண்டுவந்து விரித்துக்கொள்வதாகச் சொன்னாள். ஜன்னல் ஓரத்து இடம் தனக்கு வேண்டும் என்றாள். தன் பக்கத்தில் என் மனைவி நிற்கவேண்டும் என்றும் கேட்டாள். ஊரில் தனக்கு இன்னும் கதைக்க ஆளில்லை என்று சொன்னாள். அன்று நோன்பு திறக்கும் மக்ரிபுக்கு முன் மௌலவி தலைவரிடம் போய், மெத்தை இருக்கட்டும் என்றார்.

ஆனால் லொறி வந்துவிட்டது. கொழும்பு முதலாளியின் கம்பளத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. தலைவர் அதை ஆண்கள் பக்கத்தில் விரித்தார். பொலித்தீனை உரிக்கும்போது அவர் கண்ணை மூடி இழுத்த மூச்சை நான் பார்த்தேன்.

அன்று இரவு அந்தப் புதுக் கம்பளத்தில் நெற்றியையும் மூக்கையும் வைத்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் தும்மிக்கொண்டே தொழுதார். நான் மௌலவி ஓதுவதைக் கேட்காமல் திரைக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் இருமலை ஆயிரம் இருமலுக்குள் என்னால் பிடிக்க முடியும். ஒவ்வொரு சுஜூதிலும் எதிர்பார்த்தேன். ஒரு குழந்தை அழுதது. யாரோ ஒரு வயதான பெண் எழும்பும்போது யா அல்லாஹ் என்றாள். வேறு ஒன்றும் வரவில்லை. எத்தனை ரக்அத் தொழுதோம் என்று கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். என் மனைவி கடைசியாக வந்தாள், மௌலவியின் மனைவியோடு, வாய் மூடாமல். நான் செருப்பைத் தேடி எடுத்து நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். வழக்கமாகப் பக்கத்தில் வருவாள். அன்று தெருவின் மற்றக் கரையில், காற்று வருகிற பக்கமாகப் பார்த்து நடந்தாள்.

என்ன என்று கேட்டேன்.

“ஒங்கட சட்டையெல்லாம் அந்தக் கம்பளம் மணக்குது,” என்றாள். “அறையைச் சரிப்பண்ணிட்டீங்க. இனி ஒங்கள எங்க காயப்போடுற?”

இதை ஆலங்குடாவில் கூட்டாளியிடம் சொன்னேன். பந்தலில் திருக்கைக்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது, தாராளமாக வந்து படு என்றான். ஒன்று மட்டும் சொன்னான்: “கீறி, உப்புப் போடாம நான் ஒண்டையும் காயப்போடுறதில்ல.”

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இப்போதைக்கு என் மனைவி வாசல் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்திருக்கிறாள், தொழப் போகிற சட்டைக்கு.